வெள்ளை பாஸைத் தேடுவோர்

மீன்பிடிப்போனுக்கு வேண்டிய முதற்குணம் பொறுமை என்பர். ஓடைக்கரையில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கை அதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவதும் வழக்கம். ஆயின் எல்லா மீன்களும் கொக்கின் முறைக்கு அகப்படுவதில்லை. ஓரிடத்தில் நிலைத்திராது கூட்டங் கூட்டமாக நீர்ப்பரப்பெங்கும் அலைந்து திரியும் மீனைப் பிடிக்கக் கருதுவோன் காத்திருந்து பயனில்லை. தேடிச் செல்ல வேண்டும். அத்தகைய மீன்களுள் ஒன்று, வட அமெரிக்காவின் நன்னீர் நிலைகளில் வாழும் வெள்ளை பாஸ். அதனைப் பிடிக்கும் கலையிலே தூண்டிலுக்கு உள்ள பங்கு சிறிது. கண்ணுக்கும் அறிவுக்கும் உள்ள பங்கே பெரிது.

பாஸ் என்னும் பெயர் பலவகை மீன்களுக்குப் பொதுவாக வழங்குவதால் மயக்கம் நேர்வதுண்டு. இலங்கையின் களப்புகளிலும் கழிமுகங்களிலும் பிடிபடும் கொடுவாவையும் ஆங்கிலத்தில் கடற் பாஸ் என அழைப்பர். அது வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அமெரிக்கத் தூண்டிற்காரர் பெரிதும் விரும்பும் பெருவாய் பாஸும் இதற்கு நெருங்கிய உறவினதன்று. கடலில் வாழ்ந்து முட்டையிடுவதற்கு ஆறுகளில் ஏறும் வரி பாஸே இதன் உண்மையான உறவு. 1820ஆம் ஆண்டில் ஒஹையோ ஆற்று மீனிலிருந்து இவ்வினத்தை விவரித்த ரஃபினெஸ்க் என்னும் இயற்கையாய்வாளர் இதற்கு இட்ட பெயர் 'பொற்கண்' எனப் பொருள்படும். வெள்ளிபோல் ஒளிரும் விலாவும், அதன்மேல் நீளவாக்கில் ஓடும் கரிய மெல்லிய வரிகளும், முதுகிலே பிரிந்து நிற்கும் இரண்டு செட்டைகளும் இதன் அடையாளங்கள். பெரும்பாலும் 10 முதல் 15 அங்குல நீளமும் ஓரிரு இறாத்தல் நிறையும் உடையது. 1989இல் வேர்ஜீனியா மாநிலத்திற் பிடிபட்ட ஒன்று ஏறத்தாழ 7 இறாத்தல் இருந்தது. அது அரிதினும் அரிது.

பேரேரிகளும் மிசிசிப்பி ஆற்றுத் தொகுதியும் இம்மீனின் தாயகம். பிற்காலத்தில் ஆறுகளை மறித்துப் பெரிய நீர்த்தேக்கங்கள் அமைக்கப்பட்டபோது, அவற்றிலும் இது பெருகியது. பல இடங்களில் மனிதரே கொண்டுசென்று விட்டனர். ஒக்லஹோமாவுக்கும் டெக்சாஸுக்கும் இடையே செந்நதியின் குறுக்காக 1944இல் கட்டிமுடிக்கப்பட்ட டெனிசன் அணையினால் டெக்சோமா என்னும் பேரேரி உண்டாயிற்று. வெள்ளை பாஸுக்குப் பேர்பெற்ற நீர்நிலைகளில் அதுவும் ஒன்று. ஒக்லஹோமா மக்கள் இதனை மணல் பாஸ் என அழைப்பர். 1974இல் அம்மாநிலம் இதனைத் தன் மாநில மீனாகவே ஏற்றுக்கொண்டது.

அத்தகைய பேரேரியொன்றிலே சிறு படகில் அமர்ந்திருப்பவன் மீனை எங்கே தேடுவான்? அவன் முதலில் நோக்க வேண்டியது மீனையன்று. மீன் உண்ணும் இரையை. ஷாட் எனப்படும், சாளைக்கு உறவான வெள்ளிநிறச் சிறுமீன்களே இந்நீர்த்தேக்கங்களில் வெள்ளை பாஸின் முக்கிய உணவு. கோடைகாலத்து விடியலிலும் அந்தியிலும் ஷாட் கூட்டத்தை அடியிலிருந்து மேலே துரத்தி, நீர்ப்பரப்போடு நெருக்கி, நாலாபுறமும் பாய்ந்து பாஸ்கள் உண்ணும். அப்போது கண்ணாடிபோற் கிடந்த நீர் திடீரென உலைநீர்போற் கொதிக்கும். சிறுமீன்கள் நீருக்கு வெளியே சிதறித் துள்ளும். தொலைவிலிருந்தே இதனைக் கண்டுகொள்ளும் ஆலாக்களும் கடற்காகங்களும் அவ்விடத்தில் வட்டமிட்டு வீழ்ந்து எழும். ஆகவே, அனுபவமுள்ள தூண்டிற்காரன் நீரை நோக்குமுன் வானை நோக்குவான்.

கண்டதும் அவசரப்படலாகாது. இயந்திரத்தை முழக்கிக்கொண்டு கூட்டத்தின் நடுவே படகைச் செலுத்தினால், மீன்கள் ஒருங்கே ஆழத்தில் மறைந்துவிடும். காற்று வரும் திசையிற் சற்றுத் தொலைவிலே இயந்திரத்தை நிறுத்தி, படகைக் காற்றின் போக்கில் மிதக்கவிட்டு, கூட்டத்தின் ஓரத்திலே தூண்டிலை வீச வேண்டும். மின்னும் சிறு உலோகத் தகடும், ஈயத்தலையில் மயிர்க்குஞ்சம் கட்டிய தூண்டிலும் ஷாட் குஞ்சைப்போலத் தோன்றுவன. அவை சிறியனவாக இருத்தல் வேண்டும். அப்போது உண்ணப்படும் இரையின் அளவே தூண்டிலின் அளவு. மேற்பரப்பில் ஆரவாரம் அடங்கிவிட்டால் மீன் போய்விட்டது எனக் கருத வேண்டியதில்லை. தகட்டைச் சற்று அமிழவிட்டு இழுத்தால், கீழே நிற்கும் மீன்கள் கவ்வக்கூடும். குளிர்காலத்தில் அவை ஆழத்திற்குச் சென்று மந்தமாக இருக்கும். அப்போது தூண்டிலை நேர்கீழே இறக்கி, மெல்ல மெல்ல உயர்த்தித் தாழ்த்த வேண்டும்.

படகு இல்லாத ஏழைக்கும் வெள்ளை பாஸ் கிடைக்கும் பருவம் ஒன்றுண்டு. அதுவே இளவேனில். குளிர் நீங்கி நீரின் வெப்பம் 12 பாகை செல்சியஸைத் தாண்டத் தொடங்கும்போது, ஏரியிலுள்ள மீன்கள் அதனுட் பாயும் ஆறுகளை நாடித் திரள்கின்றன. முதலில் ஆண்மீன்கள் ஏறும். சில வாரங்கள் கழித்துச் சினை முற்றிய பெண்மீன்கள் தொடரும். டெக்சாஸ் போன்ற தென்மாநிலங்களில் இது குளிர்காலம் முடியுமுன்னரே தொடங்கிவிடும். ஏரி ஏரியிற் கலக்கும் மோமி ஆற்றிலும் விஸ்கொன்சின் மாநிலத்து வுல்ஃப் ஆற்றிலும் மே மாதத்தை அண்டி நிகழும். இலை துளிர்க்குமுன்னரே கிளைகள் நிறைய இளஞ்சிவப்புப் பூக்கள் பூக்கும் ரெட்பட் என்னும் மரம் மலர்ந்துவிட்டால் ஆற்றில் மணல் பாஸ் ஏறிவிட்டது என்பது ஒக்லஹோமாக் கிராமத்தவரின் கணக்கு. வெப்பமானி இல்லாதவனுக்கு அம்மரமே வெப்பமானி.

ஆற்றிலும் எல்லா இடத்திலும் மீன் நிற்பதில்லை. விரைந்தோடும் நீரோடு ஓயாது போராட எவ்வுயிரும் விரும்பாது. ஆகவே, பாறைகளின் பின்புறத்திலும், ஆற்று வளைவின் சுழிகளிலும், சரளைத் திட்டு முடிந்து ஆழம் தொடங்கும் விளிம்பிலும், தாழ்ந்த அணைகளின் அடியிலும் அவை இளைப்பாறி நிற்கும். தூண்டிலை நீரோட்டத்துக்குக் குறுக்கே வீசி, ஓட்டத்தோடு அந்நிழலிடங்களை நோக்கி மிதந்து வரவிட வேண்டும். ஒரு மீன் கவ்விய இடத்தில் மீண்டும் வீசுக என்பது இங்கே பொன்விதி. ஏனெனில் வெள்ளை பாஸ் தனித்து நிற்பது அரிது.

இம்மீன்கள் தாம் முட்டையிடும் இடத்தை எவ்வாறு அறிகின்றன? விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆதர் ஹாஸ்லரும் அவருடைய கூட்டாளிகளும் 1950களில் மென்டோட்டா ஏரியிலே இதனை ஆராய்ந்தனர். அவ்வேரியின் வடகரையை ஒட்டிய இரு இடங்களில் வெள்ளை பாஸ்கள் முட்டையிடும். அங்கே பிடித்த மீன்களை ஏரியின் நடுவிற் கொண்டுபோய் விட்டார்கள். சிலவற்றின் உடலிலே மெல்லிய நூலினால் சிறு மிதவை கட்டி, அம்மிதவை செல்லும் வழியைப் படகிலே பின்தொடர்ந்தார்கள். வெயில் எறித்த நாட்களில் மீன்கள் பெரும்பாலும் வடக்கு நோக்கியே நீந்தின. முகில் மூடிய நாட்களிலோ திசையறியாது பலவாறாகச் சிதறின. அவை சூரியனைக் கொண்டு திசையறிகின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. கையளவு மீனுக்கும் போகுமிடம் ஒன்றுண்டு, அதனை அடையும் வழியும் தெரியும் என்பதை அறிந்தபின், அதனை வெறும் இறைச்சியாக மட்டும் எண்ணுவது கடினம்.

அவ்வாறாயின், முட்டையிடச் செல்லும் மீனை வழிமறித்துப் பிடிப்பது தகுமா? இவ்வினா நியாயமானதே. ஒரு பெண்மீன் ஒரு பருவத்தில் சில இலட்சம் முட்டைகளை இடும். ஓடும் நீரில் இடப்பட்ட முட்டைகள் அடியிலுள்ள சரளைக் கற்களில் ஒட்டிக்கொண்டு, இரண்டு மூன்று நாட்களிற் பொரித்துவிடும். தாய்மீனும் தந்தைமீனும் அவற்றைக் காப்பதில்லை, ஏரிக்குத் திரும்பிவிடும். இதன் வாழ்நாளும் குறுகியது. தென்மாநிலங்களில் நான்கு ஆண்டுகளைக் கடப்பவை சிலவே. விரைந்து பெருகி விரைந்து மடியும் இனமாதலால், அளவோடு பிடிப்பது இதனை அழித்துவிடாது. டெக்சாஸில் ஒருவர் நாளொன்றுக்கு 25 மீன்வரை, 10 அங்குலத்துக்குக் குறையாதனவற்றைக் கொள்ளலாம் என்பது பொதுவிதி.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் ஏரிக்குள் வரும் ஆறுகள் ஓடுவதில்லை. ஓடாத ஆற்றில் மீன் ஏறாது. ஏறினாலும் சேறு படிந்த அடியில் முட்டை பிழைப்பது அரிது. நீண்டகாலம் வாழும் மீனாயின் ஒரு தீய ஆண்டைப் பொறுத்திருந்து அடுத்த ஆண்டில் ஈடுசெய்யும். நான்கு ஆண்டு வாழும் மீனுக்கோ, இரண்டு மூன்று வறட்சிகள் தொடர்ந்து வந்தால், இட்டு நிரப்ப முதிய தலைமுறையே இல்லாமற் போகும். மேலே இன்னோர் அணை எழுந்து வழியை அடைத்தாலும் விளைவு அதுவே. ஓர் அணை இம்மீனுக்கு ஏரியைத் தந்தது. ஆனால், ஏரி மட்டும் இருந்தாற் போதாது. ஏரிக்கு மேலே ஆறும் உயிரோடு இருக்க வேண்டும். ஆறுகளை மறித்து நீர் தேக்கும் எந்த நாட்டாருக்கும் இது பொருந்தும் பாடம்.

ஆதலால் நல்ல தூண்டிற்காரன் உண்பதற்கு வேண்டியதையே எடுப்பான். சினை கனத்த பெண்மீனின் வாயிலிருந்து முள்ளை மெல்லக் கழற்றி, செவுள்மூடியின் கூர்மை கையைக் கிழியாதபடி பிடித்து, நீரிலே விடுவான். எடுத்ததை உடனே பனிக்கட்டியில் இடுவான்; சமைக்குமுன் தசையிலுள்ள செந்நிறப் பட்டையை வெட்டி நீக்குவான். அதனை நீக்காவிடில் வாடை மிகும் என்பது அவனுக்குத் தெரியும். வீட்டுக்குத் திரும்பியதும், அன்றைய தேதி, நீரின் வெப்பம், காற்றின் திசை, ஆற்றின் உயரம், மரங்களின் பூ ஆகியவற்றைச் சிறு குறிப்பேட்டில் எழுதிவைப்பான். சில ஆண்டுகளில் அக்குறிப்பேடு மீனைத் தேடும் வழிகாட்டியாகும். மேலும் சில ஆண்டுகள் சென்றபின், ஆறு எவ்வாறு மாறிவருகிறது என்பதற்குச் சாட்சியாகவும் அது நிற்கும். ஆற்றுக்காகப் பேசவேண்டிய நாள் வரும்போது, முதலில் வாய்திறக்கத் தகுதியுடையவனும் அவனே.