தொட்டுச் செய்யும் தொண்டு

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேற்படிப்பு என்றவுடன் மருத்துவம், பொறியியல் என்னும் இரண்டையே நாம் எண்ணுகின்றோம். நம் பிள்ளைகள் அதிகம் அறியாத வேறொரு படிப்பைப் பற்றிக் கூற விழைகின்றேன். ஆக்குபேஷனல் தெரபி என வழங்கும் செயல்வழி மருத்துவமே அது.

1998ஆம் ஆண்டு, கூலி உழவராயிருந்த என் தந்தையாரைப் பக்கவாதம் தாக்கிற்று. வலக்கை செயலிழந்தது. மருத்துவமனையில் ஓர் அம்மையார் முக்காலியிட்டு எதிரே அமர்ந்து, அக்கையைத் தம் மடிமீது ஏந்தினார். பெரிய இடத்துப் பெண் தம்மைத் தொடலாகாது என்னும் பழைய அச்சத்தால், என் தந்தையார் இடக்கையால் வலக்கையைப் பற்றி இழுத்துக்கொண்டார். "தொடாமல் எனக்கு வேலையே இல்லை ஐயா" என்றார் அம்மையார்.

இறுக மூடிய விரல்களை அவர் வலிந்து பிரிக்கவில்லை. மணிக்கட்டை உட்புறமாக மடக்கி, கட்டைவிரலை அடியோடு பற்றி மெல்ல வெளியே நகர்த்தினார்; ஏனைய விரல்கள் இளகின. விரிந்த உள்ளங்கையை மேசைமீது ஊன்றச் செய்து, உடலின் பாரம் அதன்மேல் இறங்குமாறு சாய்த்தார். கையைப் பிடித்து இழுத்து அவரை எழுப்பிய எங்களைத் தடுத்தார். தளர்ந்த தோள்மூட்டு நழுவிவிடும் என்று விளக்கினார். பின்னர் தம்ளர் பிடித்தல், பொத்தான் போடுதல் என ஒவ்வொன்றாய்ப் பழக்கினார். ஐந்தாம் மாதத்தில் தந்தையார் தம் கையாலேயே சோறுண்டார். ஏர் பிடிக்க மீளவில்லை. ஆயினும் பிறர் ஊட்ட உண்ணும் நிலை நீங்கிற்று.

இத்துறைக்கு நம் நாட்டில் வித்திட்டவர் கமலா நிம்ப்கர். 1900இல் அமெரிக்காவில் எலிசபெத் லண்டியாகப் பிறந்து, விஷ்ணு நிம்ப்கர் என்னும் இந்தியரை மணந்து, நம் நாட்டைத் தம் நாடாக்கிக்கொண்டவர். நாற்பது வயதைக் கடந்தபின் ஃபிலடெல்ஃபியாவில் இப்படிப்பைக் கற்றார். 1950இல் பம்பாயின் கே.ஈ.எம். மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952இல் அகில இந்தியச் சங்கம் அமைந்தது. அதே ஆண்டில் உலகக் கூட்டமைப்பை நிறுவிய பத்து நாடுகளுள் இந்தியாவும் ஒன்றாயிற்று. 1979இல் அவர் மறைந்தார்.

இளைஞர்களே! நம் முன்னோரின் கைத்தொழிலை இழிவென்று ஒதுக்கியது சமுதாயம். தறியையும் தச்சையும் மருந்தாக்கியது இம்மருத்துவம். தீண்டலாகாது என்று விலக்கியது ஊர். தீண்டலின்றி இத்தொழிலில் ஒருநாளும் நடவாது.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயில்வோர் இப்பட்டப்படிப்பை நாடலாம். நம் கழகம் அவர்களுக்கு வழிகாட்டிக் கைகொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றேன். என் தந்தையார் அன்று தம் கையை இழுத்துக்கொண்டார். நாளை நம் பிள்ளை முக்காலியில் அமரும்போது, எக்குலத்தாரும் தயங்காது கைநீட்டும் நிலை வரவேண்டும்.