பத்து வெள்ளியும் ஏழு பேர்ச்சும்

(மஸ்கெலியாவில் தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் மாதர் சங்கத் தலைவிகளுக்கும் நடந்த ஞாயிறு வகுப்பில் ஆற்றிய உரை)



துணி துவைக்கவும் விறகு எடுக்கவும் பிள்ளைகளோடு இருக்கவும் கிடைப்பது ஞாயிறு ஒரு நாள்தான். அதை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

இன்றைக்கு ஒரு மலேசிய மந்திரியைப் பற்றிப் பேசப் போகிறோம். பெயர் வீ. தி. சம்பந்தன். துன் சம்பந்தன் என்பார்கள். துன் என்பது அந்த நாட்டின் மிக உயர்ந்த பட்டங்களில் ஒன்று. மலேசிய மந்திரிக்கும் மஸ்கெலியாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நம் பாட்டன்மார் தலைமன்னாரில் இறங்கி மலைக்கு நடந்த அதே காலத்தில், அதே ஊர்களிலிருந்து வேறு சிலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். இங்கே கங்காணி, அங்கேயும் கங்காணி. இங்கே லயம், அங்கேயும் லயம். இங்கே கொழுந்து, அங்கே ரப்பர்ப் பால். ஒரே குடும்பத்தில் அண்ணன் மலாயாவுக்கும் தம்பி கண்டிச் சீமைக்கும் போன கதைகள் உண்டு. அங்கே போனவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வது நமக்கும் பாடம்.

சம்பந்தனின் தகப்பனார் வீராசாமி 1896ல் மலாயாவுக்குப் போனவர். உழைத்து ரப்பர்க் காணிக்குச் சொந்தக்காரரானார். மகன் 1919ல் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் என்ற ஊரில் பிறந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தார். இந்தியாவில் சுதந்திரப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது.

நம் சௌமியமூர்த்தி தொண்டமானின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். அவருடைய தகப்பனாரும் வெறுங்கையோடு வந்து தோட்டத்துக்குச் சொந்தக்காரரானவர். இரண்டு பேருமே தோட்ட முதலாளியின் பிள்ளைகள். இரண்டு பேருமே தொழிலாளிகளுக்குத் தலைவர்களானார்கள், மந்திரிகளானார்கள். அந்தக் காலத்தில் ஆங்கிலம் படிக்கவும் வெள்ளைக்காரத் துரைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காரவும் அப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளைக்குத்தான் வாய்ப்புக் கிடைத்தது. அதை மனதில் வைத்துக்கொண்டே மேலே கேளுங்கள்.

சம்பந்தன் அரசியலுக்கு வந்த நேரத்தில் மலாயாவில் தொழிற்சங்கத்தின் முதுகெலும்பு முறிக்கப்பட்டிருந்தது. 1948ல் வெள்ளைக்கார அரசு அவசரகாலச் சட்டம் போட்டது. இடதுசாரித் தொழிற்சங்கங்களை நசுக்கியது. 1949ல் தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியைத் தூக்கிலிட்டது. பின்னர் 1954ல் பி. பி. நாராயணன் முதலியோர் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கத்தைக் கட்டினார்கள். அதே 1954ல் சம்பந்தன் தமது ஊரில் மகாத்மா காந்தி பெயரில் ஒரு தமிழ்ப் பாடசாலை எழும்பப் பாடுபட்டார். நேருவின் சகோதரி விஜயலட்சுமி பண்டிட் வந்து அதைத் திறந்துவைத்தார். படிப்பிக்கும் வேலை செய்கிற எங்களுக்கு அவர் வாழ்க்கையில் முதலில் கண்ணில் படுவது இதுதான்.

1955ல் சம்பந்தன் மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவரானார். அந்த வருடத் தேர்தலில் அவர்கள் இருந்த கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்றது. அதில் இந்தியர் காங்கிரசுக்குக் கிடைத்தது இரண்டே இடம். இரண்டு இடத்தை வைத்துக்கொண்டு அரசாங்கத்தோடு எவ்வளவு பேரம் பேச முடியும்? அவருடைய பலத்துக்கும் பலவீனத்துக்கும் காரணம் இந்தக் கணக்குத்தான்.

அவர் முதலில் தொழில் மந்திரி. பிறகு சுகாதார மந்திரி. 1959 முதல் 1971 வரை பொதுவேலை, தபால், தந்தி மந்திரி. 1969 மே மாதம் கோலாலம்பூரில் இனக்கலவரம் நடந்தபின், தேசிய ஒற்றுமைக்கென்று ஏற்படுத்திய அமைச்சும் 1972ல் இருந்து 1974 வரை அவர் கையில் இருந்தது. சுதந்திரப் பேச்சுகளில் இந்தியர் தரப்பில் நின்றவர் அவர். துங்கு அப்துல் ரகுமானோடு சேர்த்து அந்த நாட்டின் சுதந்திரத் தந்தைகளில் ஒருவராக அவரையும் எண்ணுகிறார்கள்.

இந்த வருடங்களை நம்முடைய வருடங்களோடு சேர்த்துப் பாருங்கள். 1947 தேர்தலில் நம் இலங்கை இந்தியர் காங்கிரஸ் மலையகத் தொகுதிகளை வென்று பாராளுமன்றம் போனது. மஸ்கெலியாவும் அதில் ஒன்று. 1948ல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949ல் வாக்குரிமையும் போனது. 1952க்குப் பிறகு 25 வருடம் நம் வாக்கால் ஒருவரும் பாராளுமன்றம் போகவில்லை. 1964ல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் நம்மைத் தலைக்கணக்குப் போட்டுப் பிரித்தது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி பிறகு பார்க்கலாம் என்று. தொண்டமான் 1977ல் நுவரெலியா – மஸ்கெலியாத் தொகுதியில் வென்று, 1978ல் மந்திரியானார். சம்பந்தன் மந்திரியாக இருந்த அத்தனை வருடமும் இங்கே நாம் நாடற்றவர்கள்.

அங்கே 1957 அரசியலமைப்பு, சுதந்திர நாள் தொடக்கம் அந்த மண்ணில் பிறக்கும் பிள்ளையைப் பிறப்பாலேயே குடிமகன் என்று எழுதியது. முன்னமே வாழ்ந்தவர்கள் நிபந்தனைகளோடு விண்ணப்பிக்கலாம் என்றது. ஆனால் விண்ணப்பிக்காமலும் விண்ணப்பிக்கத் தெரியாமலும் லயத்தில் இருந்தவர்கள் ஏராளம். 1969க்குப் பின் பிரஜையல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயம் என்று வந்தபோது, பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. மந்திரிசபையில் நம்மவர் ஒருவர் உட்கார்ந்திருந்தும் அது நடந்தது. சட்டத்தில் உரிமை எழுதியிருந்தால் போதாது, அந்தக் கடதாசி தொழிலாளியின் கையில் வர வேண்டும்.

இனி, அவர் செய்த மிகப் பெரிய வேலைக்கு வருவோம். அதை அவர் எந்த அமைச்சின் பெயராலும் செய்யவில்லை.

சுதந்திரத்தை ஒட்டிய வருடங்களில் வெள்ளைக்காரக் கம்பனிகள் பல தங்கள் ரப்பர்த் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கின. வாங்கியவர்கள் வியாபாரிகள். மொத்தமாக வாங்கித் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டம் துண்டானால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. பத்து ஏக்கர் வாங்கியவனுக்கு லயம் எதற்கு, பிள்ளைக்காம்பரா எதற்கு, பாடசாலை எதற்கு? மூன்று தலைமுறை உழைத்த குடும்பம் சட்டி பானையோடு ரோட்டுக்கு வந்தது. தோட்டம் போனால் தமிழ்ப் பாடசாலையும் போனது.

தமது ஆட்கள் தெருவில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு ஒரு மந்திரி என்ன செய்வார்? அறிக்கை விடலாம். பிரதமரைப் பார்க்கலாம். சம்பந்தன் வேறொரு வேலையைத் தொடங்கினார். 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. தோட்டத்தைத் துண்டாட முதலாளி விலை பேசுகிறானா, அந்த விலைக்கு நாமே வாங்குவோம் என்பது அதன் யோசனை. பணம்? மாதம் பத்து வெள்ளி. அங்கே நம்மவர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்வார்கள். பால்வெட்டுகிற தொழிலாளியிடம் மாதம் பத்து வெள்ளி வாங்கிப் பங்கு சேர்த்தார்கள். நாள் கூலியில் பிழைக்கிறவனுக்கு அது சின்னக் காசு இல்லை. பெரிய கார் போகாத தோட்டத்துக்கெல்லாம் அவர் போனார். கோயில் முற்றத்தில், லயத்து வாசலில் நின்று, காணியை நாமே வாங்க முடியும் என்று பேசினார்.

1961ல் கெடா மாநிலத்தில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. அதுதான் முதல் தோட்டம். அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் வந்தன. பல்லாயிரம் பேர் அங்கத்தவர்கள். சங்கம் இன்றும் இருக்கிறது. அதன் தலைமையகக் கட்டடத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். 1973ல் கட்சித் தலைமை அவரிடமிருந்து போனது, அடுத்த வருடம் மந்திரிப் பதவியும் போனது, 1979ல் அவரும் போனார். தொழிலாளிகளின் பத்துப் பத்து வெள்ளியில் வாங்கிய காணி போகவில்லை.

இதோடு நிறுத்தினால் அது புகழ்மாலை. தொழிற்சங்க வகுப்பில் குறையையும் பேச வேண்டும்.

முதலாவது, சங்கம் காப்பாற்றியது சில தோட்டங்களை. துண்டானவை அதைவிட எத்தனையோ மடங்கு. ஒரு கூட்டுறவுச் சங்கம் ஒரு நாட்டின் காணிக் கொள்கைக்கு ஈடாகாது. அரசாங்கத்துக்குள் இருந்துகொண்டே அந்த விற்பனையைச் சட்டத்தால் தடுக்க முடியவில்லை என்றால், இரண்டு இடத்துக் கட்சியின் பலம் அவ்வளவுதான் என்று அர்த்தம்.

இரண்டாவது, பங்கு வேறு, வீடு வேறு. பங்கு வைத்திருப்பவருக்கு இலாபம் வரும். ஆனால் அந்தத் தோட்டத்தில் பால்வெட்டுகிறவர் கூலிக்காரராகவேதான் இருந்தார். ஓய்வு பெற்றால் அவர் படுக்கிற அறை யாருடையது? பின்வந்த வருடங்களில் மலேசியாவில் எத்தனையோ தோட்டங்களை நகரத்துக்கும் வீட்டுத்திட்டத்துக்கும் விற்றபோது, அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் கையில் உறுதி இல்லாததால்தான் வெளியேற நேர்ந்தது.

மூன்றாவது, அங்கே கட்சியின் தலைவர் ஒருவர், தொழிற்சங்கத்தின் தலைவர் இன்னொருவர். இங்கே கட்சி, தொழிற்சங்கம், மந்திரிப் பதவி மூன்றும் ஒரே கையில் இருந்து பழகிவிட்டோம். அதில் ஒரு பலம் இருந்தது. 1984ல் மந்திரியாக இருந்துகொண்டே தொண்டமான் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கினார். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் அப்போது வந்தது. 1986ல் பிரார்த்தனை இயக்கம் நடந்தது, பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இவற்றை மந்திரி தந்தார் என்று சொல்கிறோம். மலையில் கூடையை இறக்கி வைத்தவர்கள் இல்லாமல் மந்திரியால் இவற்றை வாங்கியிருக்க முடியுமா? அதே வேளையில், ஒரே கை எல்லாவற்றையும் பிடித்திருந்தால், கேள்வி கேட்கிறவர் எந்தப் பக்கம் போய் நிற்பார்? இதையும் யோசிக்க வேண்டும்.

இனி நம் மலைக்கு வருவோம். மலாயாக்காரர்களைப் போல நாமும் பணம் சேர்த்துத் தோட்டத்தை வாங்கிவிடலாமா? முடியாது. இங்கே 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குச் சொந்தமாயின. 1992ல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. காணி அரசாங்கத்துடையது, கம்பனி குத்தகைக்காரன், நாம் லயத்தில் இருக்கிறவர்கள். ஆகவே நம் போராட்டம் அரசாங்கத்தோடும் கம்பனியோடும். அது புதிதும் அல்ல. 1977ல் தோட்டக் காணியைப் பறித்துப் பங்கிட வந்தபோது, டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார். அந்த உயிர் காணிக்காகப் போன உயிர்.

இன்று நம் முன்னால் இருப்பது தனிவீடும் ஏழு பேர்ச் காணியும். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் முதலில் 4,000 வீடு. 2017ல் இந்தியப் பிரதமர் பக்கத்திலே நோர்வூட் மைதானத்துக்கு வந்து மேலும் 10,000 வீடு என்று சொன்னார். வீடு கட்டுவதைப் படம் பிடிக்கிறார்கள். அந்தக் காணிக்கு உறுதி கையில் வருகிறதா என்பதை யாரும் படம் பிடிப்பதில்லை. உறுதி இல்லாத வீடு, ஓடு மாற்றிய லயம்தான். வங்கிக்குக் கொண்டுபோக முடியாது, பிள்ளைக்கு எழுதிக் கொடுக்க முடியாது.

இன்னொன்று கேட்கிறோம். நம் தோட்டங்களிலும் கூட்டுறவு இருக்கிறது. தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம். பல தோட்டங்களில் வீட்டுக்கடன் அதன் வழியாகவே வந்தது, தவணை செக்ரோலில் கழிந்தது. உங்கள் தோட்டத்துச் சங்கத்தின் தலைவர் யார்? துரையா, நம்மில் ஒருவரா? கடைசிப் பொதுக்கூட்டம் எப்போது? கணக்கை யார் பார்த்தார்கள்? சொல்லக்கூடியவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

லயத்துக்கு லயம் சீட்டுப் பிடிக்கிற பெண்களுக்குக் கணக்குத் தெரியாதா? இருபது பேர் சீட்டை ஒரு சதம் பிசகாமல் நடத்துகிறீர்கள். மரண உதவிச் சங்கத்தை நடத்துகிறீர்கள். கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குப் புத்தகம் அதைவிடக் கடினமானது அல்ல.

ஆகவே இந்த வகுப்பிலிருந்து மூன்று வேலைகளைக் கொண்டுபோங்கள்.

ஒன்று: உங்கள் தோட்டத்தில் தனிவீட்டில் இருக்கிற ஒவ்வொரு குடும்பத்தையும் பார்த்து, உறுதி இருக்கிறதா, வெறும் கடிதமா, ஒன்றுமே இல்லையா என்று கொப்பியில் எழுதுங்கள். உறுதியில் கணவன் பெயர் மட்டுமா, மனைவி பெயரும் உண்டா என்பதையும் எழுதுங்கள். ஓய்வு பெற்றவர்களையும் விட்டுவிட வேண்டாம்.

இரண்டு: வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தைக் கூட்டச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். கடிதம் எழுத எங்களைப் போன்ற ஆசிரியர்கள் உதவுவோம். தெரிவு வரும்போது பெண்கள் பெயரை முன்மொழியுங்கள்.

மூன்று: எந்தக் கட்சி மந்திரி, எந்த எம்பி தோட்டத்துக்கு வந்தாலும் மாலை போடுங்கள், அது நம் மரியாதை. மாலை போட்ட கையோடு அந்தக் கொப்பியை நீட்டி, இத்தனை குடும்பத்துக்கு உறுதி வரவில்லை, எந்த மாதம் வரும் என்று கேளுங்கள். பதிலை அந்த இடத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த மாத வகுப்புக்கு வரும்போது கொப்பியைக் கொண்டுவாருங்கள். எல்லாத் தோட்டத்துக் கணக்கையும் ஒன்றாகக் கூட்டி மாவட்டக் காரியாலயத்துக்குக் கொடுப்போம்.