வேரின் பசி



பாஸ்கா காலத்தின் ஐந்தாம் ஞாயிறான இன்று, ஆண்டவர் தம்மைத் திராட்சைக் கொடி என்றும் நம்மைக் கிளைகள் என்றும் சொல்வதை யோவான் நற்செய்தியில் கேட்டோம். அவர் பேசிய மக்களுக்குத் திராட்சைத் தோட்டம் பழகிய இடம். நம்மில் கம்பம் பள்ளத்தாக்கு மக்களைத் தவிர மற்றவர்களுக்குத் திராட்சை பழக்கடையில்தான் பழக்கம். ஆகவே கொடிக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

இங்கிலாந்தில் டெடிங்டன் என்ற ஊரில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்றொரு ஆங்கிலிக்கன் குரு இருந்தார். வெட்டிய திராட்சைத் தண்டிலிருந்து சாறு வடிந்துகொண்டே இருப்பதைக் கண்டு, கொடி செத்துவிடுமோ என்று அஞ்சி, வெட்டுவாயில் ஒரு சவ்வைக் கட்டினார். சவ்வு உப்பிவிட்டது. வேர் அவ்வளவு வலுவாகத் தண்ணீரை மேலே தள்ளுகிறது! 1727-இல் வெளியிட்ட தம் நூலில் இதை எழுதிவைத்தார்.

இலை விட்டபின், இலையிலிருந்து நீர் ஆவியாகப் போகப் போக, கீழிருக்கும் நீர் இழுபட்டு மேலே வருகிறது. மண்ணின் சத்துகளும் அதோடு வருகின்றன. நம் பிள்ளைகள் சைலம் என்று படிக்கிறார்களே, அந்தக் குழாய் வழியாக. அது இறந்த செல்களால் ஆனது. உள்ளிருந்த உயிர்ப்பொருள் எல்லாம் போய் வெறுமையான பிறகுதான் தண்ணீருக்கு வழியாகிறது. இதற்கே தனி மறையுரை வைக்கலாம், இன்று வேண்டாம்.

இன்னொரு பாதையும் உண்டு. இலை வெயிலில் சமைத்த சர்க்கரையை வேருக்குக் கொண்டுவரும் புளோயம். பட்டையின் உட்புறத்தில் மெல்லிய அடுக்காக, உயிருள்ள செல்களோடு இருக்கிறது. வேர் இருட்டில் கிடக்கிறது. தனக்கென்று சமைக்க அதனால் முடியாது. சோற்றுக்கு இலையைத்தான் நம்பியிருக்கிறது.

இதை நான் புரிந்துகொண்டது ஒரு வேப்பமரத்தைக் கொன்ற பிறகு.

முன்பு நான் இருந்த பங்கில், மாதா கெபி ஓரத்தில் அந்த மரம் நின்றது. திருவிழாவுக்குச் சீரியல் பல்பு தொங்கவிட, அடிமரத்தைச் சுற்றிக் கம்பியை இறுக்கிக் கட்டச் சொன்னவன் நான்தான். பல்பைக் கழற்றினோம், கம்பியை மறந்தோம். மரம் பருக்கப் பருக்கக் கம்பி பட்டைக்குள் இறங்கியது. கம்பிக்கு மேலே மரம் வீங்கியது. கீழே இறங்க வழியில்லாத சத்து அங்கே தேங்கியது. மரம் நன்றாகப் பருக்கிறது என்று நாங்கள் மகிழ்ந்தோம். இலைகளும் பச்சையாகவே இருந்தன. தண்ணீரின் பாதை உள்மரத்தில் இருப்பதால் கம்பி அதைத் தொடவில்லை. நான்காவது கோடையில் மரம் பட்டுப்போனது.

வெட்ட வந்த பெரியவர் கம்பியைத் தோண்டிக் காட்டினார். "வேரு பட்டினி கெடந்து செத்திருக்கு சாமி. சாவுற வரைக்கும் மேல தண்ணி அனுப்பிட்டுதான் இருந்திருக்கு."

நேயர்களே, ஆண்டவர் நம் கையிலிருந்து உணவு பெற்று வாழ்பவர் அல்லர்; உவமையை அவ்வளவு தூரம் இழுக்கக் கூடாது. ஆனால் தம் உடலாகிய திருச்சபையில் நமக்கு வேர்களாகச் சிலரை அவர் தந்திருக்கிறார். அவர்கள் வழியாகத்தான் அவருடைய உயிர் நமக்கு ஏறி வந்தது. எனக்கு அது என் அம்மா.

அந்த ஆண்டு என் பணியில் எல்லாம் பச்சையாக இருந்தது. புதிய ஆலயக் கோபுரம், தியானங்கள், வானொலி உரைகள். அம்மாவைப் பார்த்துப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. தொலைபேசியில் அவர் எதையும் கேட்டதில்லை. எனக்காகச் செபமாலை சொல்வதாக மட்டும் ஒவ்வொரு முறையும் சொல்வார்.

மறுநாள் காலை பேருந்து ஏறினேன். வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார், மிகவும் மெலிந்திருந்தார். நான் குருப்பட்டம் பெற்ற நாளிலிருந்து என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

"வாங்க சாமி," என்றார். "சாப்டீங்களா?"