வளைவும் கணக்கும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இரயில்வே குமாஸ்தாவுக்குக் கட்டடக் கலையில் என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். நேர்ப்பாதை திடீரென வட்டமாகத் திரும்பினால் வண்டி குலுங்கும்; ஆதலால் இடையில் சிறிது சிறிதாக வளையும் பாதையைக் கணக்கிட்டு அமைக்கின்றனர். வளைவு காண்போர்க்கு அழகு, அமைப்போர்க்கோ கணக்கு.

நம் சிற்பிகள் இக்கணக்கைக் கண்ணிலும் கையிலும் வைத்திருந்தனர். ஆவுடையார்கோயிலின் கல் கொடுங்கைகளைக் காண்போர், கல்லோ மரமோ என மயங்குவர்.

ஆனால், பெருங்கட்டடத்தில் ஒவ்வொரு வளைவையும் தனித்தனியே செய்வது எளிதன்று. சிட்னி நகர ஒபரா மாளிகைக்கு 1957-இல் தேர்வான வரைபடத்தில் கூரைகள் பாய்களைப் போல் எழுந்து நின்றன. அவற்றைக் கட்டும் வழி பல ஆண்டுகள் புலப்படவில்லை. இறுதியில் சிற்பி உட்சோன், கூரைகள் அனைத்தையும் ஒரே கோளத்தின் துண்டுகளாக அமைத்தார். ஒரே அச்சைப் பலமுறை பயன்படுத்தி வார்க்க வழி பிறந்தது. தாங்கும் வலிமையைக் கணிப்பொறி கணக்கிட்டது. 1973-இல் மாளிகை திறக்கப்பட்டது.

இன்றோ அச்சே வேண்டாத முறையும் வந்துள்ளது. பெங்களூர் கேம்பிரிட்ஜ் லேஅவுட் அஞ்சலகம், சென்னை ஐ.ஐ.டி.யின் வழிகாட்டுதலுடன் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத்தாரால் 45 நாட்களுக்குள் எழுப்பப்பட்டு, 2023 ஆகஸ்டு 18 அன்று திறக்கப்பட்டது. பரப்பு 1,021 சதுர அடி. கணிப்பொறியில் வரைந்த கோட்டின் வழியே இயந்திரக் குழாய் நகர்ந்து, காங்கிரீட்டை அடுக்கடுக்காக இட்டுச் சுவர் எழுப்பியது. வளைவுக்கெனப் பலகை அடிக்கும் செலவு இம்முறையில் இல்லை.

அன்பர்களே! சாமராஜநகர்க் கருங்கல் கடல் கடந்து புகழ் பெற்றது. அதனை வெட்டும் கைகளில் நம்மவர் கைகளும் உண்டு. கல்லையும் கணிப்பொறியின் ஆணைப்படி வளைத்து அறுக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. அவற்றை இயக்க அறியாதவன் சுமை தூக்கும் கூலியாகவே நின்றுவிடுவான். ஆயினும், கல்லின் வரியையும் உள்வெடிப்பையும் தட்டிப் பார்த்து அறியும் அறிவு உளி பிடித்தவனிடமே உள்ளது. அவ்வறிவோடு கணிப்பொறிக் கல்வியும் சேருமாயின், அவன் பிள்ளைகளை எவரும் ஒதுக்க இயலாது.

ஆகவே, நம் சங்கம் ஆண்டுதோறும், கல்தொழிலாளர் வீட்டு மகனோ மகளோ ஒருவருக்கேனும் கணிப்பொறி வரைபடம் கற்கக் கட்டணம் செலுத்த வேண்டுகிறேன். விழா மாலைகளிற் சிலவற்றைக் குறைத்தாலும் அதற்குப் பொருள் கிடைக்கும்.