உறைதல் என்னும் வினை
(ஊத்துக்கோட்டையில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



மார்கழி விடியலில் இவ்வூர் வீடுகளில் தேங்காயெண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழாது. 'எண்ணெய் உறைந்து போயிற்று' என்பாள் பாட்டி. 'ஃபிரீஸ் ஆகிவிட்டது' என்பான் பள்ளியிற் பயிலும் பெயரன். ஒரே கூரையின்கீழ் ஒரு வினைச்சொல் வழக்கிழந்து போகின்றது. இழப்பு ஒரு சொல்லோடு நிற்குமாயின் பொறுக்கலாம். நிற்பதில்லை.

உறைதல் என்பதற்குத் தங்குதல் என்பதும் பொருள். தங்குமிடம் உறைவிடம், உறையுள். ஓடும் இயல்புடைய நீர்ப்பொருள் ஓட்டமடங்கித் தங்கிவிடுவதையும் அச்சொல்லாலேயே குறித்தனர் எனக் கொள்ள இடமுண்டு. இரவில் காய்ச்சிய பாலில் உறைமோர் ஊற்றினால் விடியலில் தயிர். மலையாளத்தாரும் இன்றளவும் 'உற' ஒழித்தே தயிராக்குகின்றனர். (இங்கிருந்து எல்லை கடந்தால் அது 'தோடு', தெலுங்கர் சொல் வேறு.) குருதி உறையும். நீர் 0 பாகை செல்சியசில் உறையும்; அவ்வெப்ப அளவே பாடநூல் கூறும் உறைநிலை. தேங்காயெண்ணெய்க்கோ ஏறத்தாழ 24 பாகையே போதும். அதனாற்றான் பனிக்கட்டி விழாத இவ்வூரிலும் புட்டிக்குள் உறைவு நிகழ்கின்றது.

ஆயின், கட்டிப்படுவதெல்லாம் உறைதலன்று. சுண்ணச்சாந்து இறுகும்; சிமிட்டியும் இறுகும்; அவை உறையா. மோரைக் கடைந்தால் வெண்ணெய் திரளும். குளிரில் கை விறைக்கும். இத்தனை நுண்மையையும் 'கெட்டியாகிவிட்டது' என்னும் ஒன்றனுள் போட்டு மூடுவது சோம்பலன்றி வேறென்ன?

மாணாக்கர் எழுத்தில் இரு பிழைகள் மிகுதி. 'பாலை உறைத்தாள்' என்பது ஒன்று. மிளகாய் உறைக்கும், இடித்துக் கூறிய சொல்லும், கேட்பவனுக்கு மானமிருந்தால், உறைக்கும். பாலை உறையவைத்தாள் என்பதே வழக்கு. மற்றொன்று இடையின ரகரம் இட்டுப் 'பால் உரைந்தது' என்பது. உரைத்தல் சொல்லுதல், பால் என்ன சொல்லிற்றோ!

ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்போர் வங்கிக் கணக்கையும் உறையவைப்பர். நாளிதழ்கள் 'முடக்கம்' என்றெழுதுவது நன்று. கணினித் திரை அசையாது நின்றால் 'உறைந்தது' என்கின்றனர். தங்குதற் பொருளில் அது பொருந்தும் என்பாருமுளர். 'நின்றுவிட்டது' என்றாலே விளங்குமே!

ஆசிரியப் பெருமக்கள் நாளை வகுப்பில் ஒன்று செய்க. பாலில் ஊற்றும் மோருக்கு வீட்டில் என்ன பெயர் எனப் பிள்ளைகளைக் கேட்டுவரச் சொல்லுங்கள். 'உறை' என்னும் பிள்ளையும் இருக்கும். 'பிரை' என்னும் பிள்ளையும் இருக்கும். இரண்டையும் கரும்பலகையில் எழுதுங்கள்.