சொல்லத் தயங்கும் நோய்! கொல்லத் தயங்காத நோய்!

(மகளிர் நலக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சகோதரரின் வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போயிருந்தேன். அவருடைய மனைவி இறந்து விட்டார். மாதவிலக்கு அல்லாத நாட்களிலும் அவருக்கு இரத்தம் பட்டிருக்கிறது. பத்து மாதம் யாரிடமும் சொல்லவில்லை. ஏன்? வெட்கம்! மருத்துவரிடம் போன போது நோய் முற்றி விட்டது. "என்னிடமாவது சொல்லியிருக்கலாமே" என்று அந்தச் சகோதரர் அழுதார். சொல்லும்படியாக நாம் நடந்து கொண்டோமா? இது தான் என் கேள்வி.

அந்த நோய் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். 2022ல் மட்டும் இந்தியாவில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இது வந்தது. ஏறத்தாழ 80,000 பெண்கள் இறந்தார்கள்.

இதற்குக் காரணம் ஹியூமன் பாப்பிலோமா எனும் வைரஸ் கிருமி. இதைக் கண்டறிந்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008ல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இக்கிருமியில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. சில வகைகள் வெறும் மருக்களை உண்டாக்கும். 16, 18 எனும் இரு வகைகளே பத்தில் ஏழு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம்.

இது உடலுறவின் மூலம் தொற்றுகிறது. உடனே, "அப்படியானால் அவள் நடத்தை சரியில்லையா?" என்று நாவை நீட்டாதீர்கள்! கணவனிடமிருந்தே மனைவிக்கு வரலாம். அவனுக்கு எந்த அறிகுறியும் தெரியாது. ஆண்களுக்கும் தொண்டை, ஆசனவாய்ப் புற்றுநோயை இதே கிருமி உண்டாக்குகிறது. நோயாளியின் மீது பழி போடுவது அநியாயம்!

பெரும்பாலோருக்கு இத்தொற்று ஓரிரு ஆண்டுகளில் தானாகவே மறைந்து விடும். மறையாமல் தங்கினால் புற்றாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். சிந்தித்துப் பாருங்கள்! இவ்வளவு அவகாசம் தரும் நோயிடமா நம் பெண்களைப் பறி கொடுப்பது?

பரிசோதனை எளிது. கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்களே இதைச் செய்தார்கள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதிகளில் இந்நோயால் ஏற்படும் மரணம் 35 சதவீதம் குறைந்தது என 2007ல் ஆய்வு முடிவு வெளியானது. பெண்ணைப் பெண்ணே பரிசோதிக்கும் போது தயக்கம் எதற்கு?

அடுத்து, தடுப்பூசி. 9 முதல் 14 வயதுக்குள் போடுவது மிகச் சிறந்தது. நம் நாட்டிலேயே தயாரான 'செர்வாவேக்' 2023ல் வெளியானது. "இதைப் போட்டால் குழந்தை பிறக்காது" என்பது வதந்தி, ஆதாரம் கிடையாது. மலேசியா 2010லேயே பள்ளி மாணவிகளுக்குப் போடத் தொடங்கியது. பங்களாதேஷ் 2023ல் தொடங்கியது. ஆனால் ஊசி போட்டவர்களும் 30 வயதுக்குப் பின் பரிசோதனை செய்து கொள்ள வேண்டும்.

தாம்பத்தியத்திற்குப் பின் இரத்தம், மாதவிலக்கு நின்ற பின்னும் இரத்தம், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் - இவற்றில் ஒன்று இருந்தாலும் நாள் கடத்தாதீர்கள்.

வெட்கம் நல்ல பண்பு தான். உயிரைப் பறிக்கும் மௌனத்திற்கு அந்தப் பெயரைச் சூட்டாதீர்கள்! கணவன்மார்களே! இன்றிரவே உங்கள் மனைவியிடம் கேளுங்கள். நாளை அவரை நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.