தேசத்துக்கு எந்த ஜாதகம்?

தேர்தல் வந்தால் நம் லிஃப்டில்கூட ஜோசியப் பேச்சுதான். இந்தியாவுக்கு எந்த ஜாதகம்? பலர் எடுப்பது 1947 ஆகஸ்ட் 15, நள்ளிரவு, டெல்லி: ரிஷப லக்னம், பூச நட்சத்திரம், கடகத்தில் ஐந்து கிரகங்கள். சிலர், குடியரசான 1950 ஜனவரி 26 காலைதான் என்பார்கள். லக்னமே மாறிவிடும், அப்புறம் பலன்?

1962 பிப்ரவரியில் மகரத்தில் எட்டு கிரகங்கள் கூடின. உலகம் அழியும் என்று ஊரெல்லாம் யாகம். அப்பா பயந்துபோய், தையில் வைத்திருந்த அக்கா கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார். ஒன்றும் ஆகவில்லை. அக்டோபரில் சீனா எல்லை தாண்டி வந்தது. "நான்தான் சொன்னேனே!" என்றார் எங்கள் ஜோசியர். சொன்னது உலக அழிவை. சீனா என்ற பேச்சே எடுக்கவில்லை.

நானும் பஞ்சாங்கம் பார்க்கிறவன்தான். அடுத்த தேர்தலுக்குப் பலன் சொல்பவர்கள் தேதி போட்டு எழுதி, நம் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். ரிசல்ட் அன்று எல்லோரும் சேர்ந்து படிப்போம்.